எத்தனை அயலவர்?

எதீரியம் வலையமைப்பில் இணைந்திருக்கும் ஒரு கணினியிடம், ‘இந்நேரம் உனக்கு எத்தனை அயலவர்?’ என்று கேட்பதற்கு ஒரு வரிக் கட்டளை போதுமானது. நெட்_பியர்கவுண்ட் என்பது அக்கேள்வியின் பெயர். விடை பதினாறடி எண்முறையில் வந்து விழும். 19 என்று வந்தால் அதற்கு இருபத்தைந்து என்று பொருள். பிட்கொயின் மென்பொருளிடம் கெட்பியர்இன்ஃபோ என்று கேட்டாலோ அது எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் அயலவரின் முகவரி, இணைப்பை முதலிற் கோரியது நாமா அவரா என்ற விவரம், அவரிடமிருந்து கடைசியாகச் செய்தி வந்த நேரம், ‘இருக்கிறாயா’ என்ற குரலுக்கு மறுகுரல் வர எடுத்த கணப்பொழுது என்று ஒரு நீண்ட பட்டியலையே விரிக்கும். கணினித்துறையினர் ஏபிஐ என்று அழைப்பது இவ்வாறான கேள்வி வாயில்களைத்தான்.

நான் கணினித்துறை சார்ந்தவன் அல்லன். கொழும்புப் பத்திரிகை ஆசிரிய பீடங்களில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன். எனினும் இந்தப் பட்டியலை முதன்முதலாகப் பார்த்தபோது அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. மருதமுனையைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் மகன் தமது வீட்டுக் கணினியிலே அதைத் திறந்து காட்டினார். “ஒங்கட நியூஸ் டெஸ்க் மாதிரித்தான் சேர் இது. ஆர் ஆர் லைன்ல இருக்காங்கண்டு பார்க்கிறம்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் கல்முனைக் கரையோரத்தின் கடந்த முப்பது, நாற்பது ஆண்டு வரலாற்றை இந்தக் கேள்வி ஒன்றை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்கு அப்போது பட்டது.

முதலில் அந்தக் கணினி ஏன் அயலவரைத் தேடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிளொக்செயின் எனப்படும் தொடரேட்டுக்குத் தலைமையகம் இல்லை. பிட்கொயினின் முதல் ஏடு 2009 ஜனவரி 3ஆம் திகதி எழுதப்பட்டது. அன்று முதல் அந்தப் பேரேட்டின் முழுப் பிரதியையும் உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியே வைத்திருக்கின்றன. புதிய ஏடு ஒன்று எழுதப்பட்டதா, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற சேதி யாவும் அயலவர் வாய்வழியாகவே ஒரு கணினிக்கு எட்டுகின்றது. அயலவர் மௌனமானால் அது செவிடாகிவிடும். அயலவர் அனைவரும் சேர்ந்து ஒன்றை மறைத்தால், மறைக்கப்பட்டது என்பதை அறியவே அதற்கு வழியில்லை.

இனி நமது கரைக்கு வருவோம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று மட்டக்களப்பு வீதியிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வரை தமிழூரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி வருகின்ற தொடர் இது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரான் கண்டுகொள்ள மாட்டான். ஒவ்வோர் ஊருக்கும் அயல் என்பது வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகவே அமைந்தது. சேதி அந்த வழியாகவே நடந்தது. ஊருக்குள் ஜனாஸா அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது. ஊருக்கு வெளியே சந்தைக்கு வந்தவனும் பஸ் சாரதியும் சொன்னார்கள்.

இந்தச் சமூகம் தூரத்துச் சாட்சியை எடைபோட நெடுங்காலமாகவே பழகியிருந்தது. தலைப்பிறையைச் சொல்கிறேன். நோன்பும் பெருநாளும் பிறைக் கணக்கில் வருவன. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடியிருக்கும். நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து ‘கண்டோம்’, ‘காணவில்லை’ என்று தொலைபேசிகள் வரும். கண்டவர் யார், எத்தனை பேர், எங்கே நின்று எந்தத் திசையிற் பார்த்தார்கள் என்று விசாரிப்பார்கள். தீர்மானம் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் வரும்வரை நாடு முழுவதும் உம்மாமார் அடுப்பை மூட்டாமற் காத்திருப்பார்கள். ஆசிரிய பீடத்தில் நாங்களும் முதற்பக்கத்தை மூடாமற் காத்திருப்போம். ‘நாளை பெருநாள்’ என்று ஒரு தலைப்பும் ‘நாளை நோன்பு’ என்று மற்றொரு தலைப்பும் அச்சுக்கோப்பவரின் மேசையில் ஆயத்தமாகக் கிடக்கும். 2013 ஆகஸ்டில் கிண்ணியாவிலிருந்து வந்த பிறைச் சாட்சியம் ஏற்கப்படாமற் போயிற்று. ஒரு சாரார் 8ஆம் திகதியும், பெரும்பாலானோர் 9ஆம் திகதியும் பெருநாள் எடுத்தனர். தொடரேட்டுக்காரர்கள் இதற்குக் ‘கிளை பிரிதல்’ என்று பெயர் சொல்வார்கள். ஒரே பேரேடு, இரண்டு அடுத்த பக்கங்கள். கணினிகளாயின் சில நிமிடங்களில் நீண்ட கிளையின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. மனிதர் விடயத்தில் அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

யுத்த காலத்தில் இந்த வலை எப்படி அறுந்தது என்பதை ஓரளவுக்கு நேரிலேயே கண்டவன் நான். 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்துகொண்டபோது கல்முனையும் அவற்றில் ஒன்று. சரணடைந்த பொலிஸார் பலநூற்றுவர் கொல்லப்பட்டனர். பின்னர் படையினர் திரும்பி வந்தபோது தமிழ் இளைஞர் காணாமற்போயினர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூர். அந்தக் கோடை முழுவதும் கொழும்பிலிருந்து எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே: அந்த ஊரில் என்ன நடந்தது? தொலைபேசிகள் பல நாட்கள் உயிரற்றுக் கிடந்தன. நிருபரின் கடிதம் லொறியிலோ பஸ்ஸிலோ ஒருவர் மடியில் மறைந்து வந்து சேரும்போது அதற்கு ஒரு கிழமை வயதாகியிருக்கும். இதற்கிடையில் எங்கள் மேசைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை. புலிகளின் அறிக்கையும் ஏதோ ஒரு வழியில் வரும்.

அக்காலத்தில் மூத்த செய்தி ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு வைத்திருந்த விதியொன்று உண்டு. இரண்டு பேர் சொன்னால் செய்தி உறுதியாகிவிட்டது என்று எண்ணாதே, அந்த இருவருக்கும் சொன்னவர் ஒருவர்தானா என்று விசாரி என்பார். கல்முனையிலிருந்து ஒருவரும் அக்கரைப்பற்றிலிருந்து ஒருவரும் ஒரே சேதியைச் சொல்லக்கூடும். இருவரும் அதே காலை பஸ்ஸில் வந்த அதே வியாபாரியிடம் கேட்டிருந்தால் அது ஒரு சாட்சிதானே? இந்த விதியை மறந்துவிட வேண்டாம். பின்னால் மறுபடி வருகிறேன்.

2002 பெப்ரவரி யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வடக்கு கிழக்குக்குப் பரவின. இனி எந்த ஊரும் அறுபடாது என்று நினைத்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது இலங்கை நேரம் காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஹவாயிலிருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் முதல் அறிவித்தலை வெளியிட்டது. அது பசுபிக் நாடுகளுக்குப் போயிற்று. இந்து சமுத்திர நாடுகளில் யாரை அழைப்பது என்பதற்கு அவர்களிடம் ஒழுங்கான ஏற்பாடு இருக்கவில்லை. இலங்கை என்பது அவர்களது அயலவர் பட்டியலில் இல்லாத பெயர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னர் இலங்கையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பதை அந்த நிலையத்தார் அறிந்துகொண்டது இணையச் செய்தி ஒன்றிலிருந்து. உலகின் மிகத் தேர்ந்த சுனாமி நிபுணர்களுக்குச் சுனாமியைப் பற்றிச் சொன்னவர்கள் பத்திரிகைக்காரர்கள்.

இதைவிட என்னை உறுத்துவது நாட்டுக்குள்ளே நடந்தது. அலை முதலில் வந்தது கிழக்குக்கு. எட்டரை மணியை அண்டி அது கல்முனைக் கரையை அடித்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகியவற்றின் கடலோர வீடுகள் நிமிடங்களிற் போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். நாட்டின் எந்த மாவட்டத்திலும் இந்த அளவு இழப்பு இல்லை. அதே நேரத்தில் கொழும்பிலிருந்து புறப்பட்ட ‘சமுத்திர தேவி’ ரயில் பெருந்தொகைப் பயணிகளுடன் தென்கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதரை மணியளவில் பெரலியவில் அலை அதை மூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

கல்முனைக்கும் பெரலியவுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. கல்முனைக்குத் தெரிந்தது காலிக்குத் தெரியவில்லை. கல்முனையிற் கோபுரங்களும் கம்பிகளும் விழுந்தன, உயிர் தப்பியவர்கள் உறவினரைத் தேடி ஓடினார்கள், அழைக்க ஆளில்லை என்று சொல்லலாம். ஆனால் ஓர் ஊர் சடுதியாக மௌனமாவதும் ஒரு சேதிதான். அந்த மௌனத்தைக் கவனிக்கும் பொறுப்பு இந்த நாட்டில் எவருக்கும் இருக்கவில்லை. ரயில்வேயிலும் இதுவே நிகழ்ந்தது. அலை பற்றி மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி எட்டி, ரயிலை நிறுத்தும்படி சொல்ல அம்பலாங்கொடை நிலையத்தை அழைத்தபோது, அங்கிருந்தவர்கள் அந்த ரயிலைக் கவனிக்க மேடைக்குப் போயிருந்தார்கள். தொலைபேசியை எடுக்க எவருமில்லை. எடுத்தபோது வண்டி போய்விட்டிருந்தது. தெற்கே அடுத்த நிலையங்களை அழைத்தார்கள். அங்கே எடுப்பதற்கு ஆட்களே எஞ்சியிருக்கவில்லை.

பிட்கொயின் மென்பொருள் தன் ஒவ்வோர் அயலவருக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ‘பிங்’ என்று குரல் கொடுக்கிறது. சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் கொடுக்கிறது. இருபது நிமிடம் மறுகுரல் இல்லையென்றால் அந்த அயலவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வேறொருவரைத் தேடுகிறது. காசுக் கணக்குக்காக எழுதப்பட்ட ஒரு நிரலில் இருக்கும் இந்த அக்கறை, இரண்டு கோடி மக்களைக் கொண்ட ஒரு நாட்டின் கரையோரத்துக்கு அன்று இருக்கவில்லை.

பின்னர் ஏற்பாடுகள் நடந்தன. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அரசாங்கத்துக்கு வெளியே நடந்த ஒரு முயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும், அது அதிகம் பேசப்படாதபடியால். தொலைத்தொடர்புத் துறையின் முன்னாள் ஒழுங்குபடுத்துநரான ரொஹான் சமரஜீவ தொடங்கிய லேர்ன்ஏசியா நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து, அலை அடித்த 32 கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்தன. கிழக்குக் கரைக் கிராமங்களும் அவற்றில் அடங்கும். செய்மதி வானொலி, சீடிஎம்ஏ தொலைபேசி, கைத்தொலைபேசி, அலறும் பெட்டி என வெவ்வேறு கருவிகளை வெவ்வேறு கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். மொறட்டுவையிலிருந்த சர்வோதயத் தலைமையகத்திலிருந்து பரீட்சார்த்தச் சேதிகளை அனுப்பி, எங்கே போய்ச் சேர்ந்தது, எத்தனை நிமிடம் எடுத்தது, எங்கே கருவி உறங்கிவிட்டது என்று குறித்தார்கள். ஒரு கருவியை நம்பியிருக்காமல், ஒன்று விழுந்தாலும் மற்றது விழாத இரு வேறுபட்ட வழிகள் வேண்டும் என்பது அப்பரீட்சையில் தெளிவாயிற்று. அதில் பயன்பட்ட செய்மதி வானொலியை நடத்திய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனமே 2008இல் வங்குரோத்தானது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

ஆக, தொடர்பு உயிரோடிருக்கிறதா என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது. 2007 செப்டெம்பரிலும் 2012 ஏப்ரலிலும் சுமாத்திரா மறுபடி பலமாக அதிர்ந்தபோது எச்சரிக்கைகள் கரையோரத்தை வந்தடைந்தன. மக்கள் மேட்டு நிலங்களுக்கு ஓடினார்கள். அலை வரவில்லை.

தொடர்பு உயிரோடிருந்தும் ஒருவர் குருடாகலாம் என்பது அடுத்த கட்டம். 2015இல் ஈத்தன் ஹைல்மன், ஷரன் கோல்ட்பேர்க் முதலிய பொஸ்டன், ஜெருசலேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிட்கொயினிலிருந்த ஒரு பலவீனத்தை விவரித்தார்கள். அதற்குக் ‘கிரகணத் தாக்குதல்’ என்று பெயர். ஒரு கணினி தானாகத் தேடிப்பிடிக்கும் அயலவர் அக்காலத்தில் எட்டுப் பேர். அந்த எட்டு இடங்களையும், வெளியிலிருந்து வந்து சேரும் மற்ற இடங்களையும் ஒரே ஆளின் கணினிகள் மெல்ல மெல்லக் கைப்பற்றிக்கொள்ள முடியும். அதற்குப் பின் அயலவர் எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கை நிறைவாகவே வரும். பிங்குக்கு மறுகுரல் உடனுக்குடன் வரும். பட்டியலில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அந்தக் கணினி பார்ப்பது அந்த ஓர் ஆள் காட்டும் உலகத்தை மட்டுமே.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, கல்முனையிலிருந்து உட்புறமாக உள்ள அம்பாறை நகரத்தில் நடந்தது எனக்கு இந்த இடத்தில்தான் நினைவுக்கு வருகிறது. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவிற் கட்டியாக ஏதோ கிடந்ததைக் கண்ட சிலர், அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். சிங்களம் சரிவரப் புரியாத கடைக்காரரைக் கூட்டம் சூழ்ந்து நெருக்கியது. பயந்துபோய் அவர் சொன்ன ஓரிரு சொற்களை ஒளிப்பதிவு செய்து ‘ஒப்புக்கொண்டான்’ என்று பரப்பினார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் வந்தது. கட்டியாகக் கிடந்தது மாவு.

அந்த இரவில் அறியாமைக்குக் காரணம் தொடர்பின்மை அன்று. ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருந்தது. ஒவ்வொருவருக்கும் பேஸ்புக்கில் நூற்றுக்கணக்கான நண்பர்கள் இருந்தார்கள். நூறு பேரிடமிருந்து ஒரே ஒளிப்பதிவு வந்தது. அந்த நூறு பேருக்கும் சொன்னது யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? எங்கள் பழைய செய்தி ஆசிரியரின் விதியை இங்கே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் திகனவில் வன்முறை மூண்டது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றை முடக்கி, ஒரு வாரத்துக்குப் பின்னரே முழுமையாகத் திறந்தது. வதந்தி நின்றதோ இல்லையோ, திகனவிலிருந்த மகனிடம் உயிரோடிருக்கிறாயா என்று கேட்க முயன்ற தாய்க்கும் அந்த வாசல் அடைபட்டது. அந்த 2018ஆம் ஆண்டு வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

கிரகணத்துக்கு பிட்கொயின்காரர்கள் கண்ட பரிகாரம் அயலவரைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. தானாகத் தேடிப்பிடிக்கும் அயலவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு முகவரிக் கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. 2020 முதல், வேண்டுமானால் வெவ்வேறு இணைய நிறுவனங்களின் வலைகளைச் சேர்ந்தவர்களாகத் தெரிந்தெடுக்கவும் வழி செய்தார்கள். இதைக் கேட்ட கிழக்கு முஸ்லிம் எவருக்கும் குடிமுறை நினைவுக்கு வராமல் இராது. நம்மூர்களில் ஒவ்வொருவரும் தாய்வழியாக ஒரு குடியைச் சேர்ந்தவர். பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர். பெரிய குடியென்று அதற்கே எல்லா ஆசனமும் போய்விடுவதில்லை. பிணக்கு விசாரணையில் ஒரே குடியினர் பத்துப் பேர் சொல்வதிலும், வெவ்வேறு குடியினர் மூவர் சொல்வதற்குக் கனம் அதிகம். இந்த முறைக்கும் குறைகள் இருந்தன. பெண்களுக்கு அதிலே குரல் இல்லை என்பது அவற்றுள் முதன்மையானது. குடிவழி தாயினுடையதாக இருந்தும் இந்த நிலை.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் சமூக ஊடகங்கள் மறுபடி முடக்கப்பட்டிருந்தன. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளிருந்தவர்கள் வெடித்து மடிந்தனர். சிறுவர்களும் இறந்தார்கள். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் அடைபட்டுக் கிடந்த நாளில், பக்கத்து வீட்டாரின் கண் வழியாகப் போன சேதி அது.

இன்னொன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். 2004 ஆகஸ்டில், சுனாமிக்கு நான்கு மாதம் முன்பு, கொழும்புத் துறைமுகத்தருகே இந்தியக் கப்பலொன்றின் நங்கூரம் இழுபட்டு சீ-மீ-வீ 3 கடலடி வடத்தை அறுத்தது. நாட்டின் இணையம் படுத்துவிட்டது. பின்னர் வடங்கள் பெருகின. கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று அவை தரையேறும் இடங்களும் பெருகின. எல்லாம் மேற்கும் தெற்கும். மருதமுனை இளைஞரின் பட்டியலில் ஜேர்மனி, அமெரிக்கா, சிங்கப்பூர், பின்லாந்து என்று எட்டு அயலவரும் எட்டுத் திசையில் இருந்தார்கள். அவர்கள் குரல் அத்தனையும் அந்தக் கரைகளில் ஏறி, நாட்டைக் குறுக்கே கடந்து, அவர் வீட்டு வாசலில் ஒரே கம்பியாக வந்து நுழைகின்றது. கெட்பியர்இன்ஃபோ விரிக்கும் பட்டியலில் அந்தக் கம்பிக்கு ஒரு வரியும் இல்லை.